அறுக்காமல் விட்ட வரி

மருதங்காட்டு ஆலமரத்தில் மரகதம் என்ற சிலந்தியும் அவள் கணவன் சொக்கனும் வெல்வெட் நெய்துகொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு வெல்வெட் என்று நினைத்துவிடாதீர்கள். சிங்கராஜாவின் சிம்மாசனத்தில் விரிக்கிற வெல்வெட்! எட்டுத் தலைமுறையாக அது மரகதத்தின் குடும்பத்து வேலை.

லேசுப்பட்ட வேலையும் அல்ல. ஒரு மெல்லிய ஈர்க்குச்சியை வைத்து, அதன்மேல் பட்டு இழையை வளையம் வளையமாகப் போட வேண்டும். பிறகு ஒவ்வொரு வளையத்தையும் பல்லால் அறுக்க வேண்டும். அறுந்த நுனிகள் நிமிர்ந்து நின்றால்தான் அது வெல்வெட். விடிந்ததிலிருந்து நெய்தாலும் ஒரு நாளில் ஒரு விரற்கடைதான் வளரும். எட்டுக் கால் இருந்தும் அவ்வளவுதான்!

ஒரு நாள் நரி வந்து மேலே பார்த்துச் சிரித்தது.

"இன்னுமா இப்படிக் கஷ்டப்படுறே, மரகதம்? துணியில பிசினைத் தடவு, மேலே இலவம்பஞ்சுத் தூளைத் தூவு. அரை நாள்ல வேலை முடிஞ்சுது! யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே!" என்றாள் மரகதம். "நீங்க தாராளமா ஒட்டுங்க, நரியாரே. அதுக்கு எங்க வீட்டுப் பேரை மட்டும் வைக்காதீங்க!"

நரிக்கு மூக்கு உடைந்தது. நேராக ராஜாவிடம் ஓடி, தானும் வெல்வெட் நெய்வதாகக் கதை அளந்தது. "சரி, இரண்டு பேரும் கொண்டுவாருங்கள்! எது நன்றாக இருக்கிறதோ, அதைச் செய்தவருக்கே இனிமேல் இந்த வேலை!" என்று சிங்கம் சொல்லிவிட்டது.

சேதி கேட்டுச் சொக்கன் புலம்பினான். "நாம தோத்துப்போனா எட்டுத் தலைமுறைப் பேரும் போயிடுமே, மரகதம்!"

"ஒட்டி ஜெயிச்சாலும் அந்தப் பேர் போயிடுமுங்க. குச்சியை எடுங்க, நெய்வோம்!"

சபை கூடியது. நரியின் துணி பளபளவென்று ஐந்து முழம் கிடந்தது. கரடி கைதட்டியது. சிலந்திகளின் துணியோ ஆசனத்துக்குச் சரியாக இருந்தது, அவ்வளவே. நரி அதை மோந்து மோந்து பார்த்து, ஓரத்தைக் கண்டதும் துள்ளிக் குதித்தது.

"மகாராஜா, இங்கே பாருங்க! கடைசி வரியில வளையங்களை அறுக்கவே மறந்துட்டாங்க!"

சபையே சிரித்தது. சொக்கன் தலையைக் குனிந்துகொண்டான். மரகதம் முன்னால் வந்தாள்.

"மறக்கலை, மகாராஜா. எங்க வீட்டில கடைசி வரியை விட்டுவைப்போம். இது நெய்த துணிதான்னு அந்த வளையங்கள் சாட்சி சொல்லும். அடுத்த விரிப்பு தொடங்குற அன்னிக்கு, பழைய விரிப்பில விட்ட வரியை அறுத்துட்டுத்தான் தறிக்கு வருவோம். இப்போ நீங்க உட்கார்ந்திருக்கறது எங்க அம்மா நெய்தது. அதோட கடைசி வரியை அறுத்தது நான்!"

சிங்கம் எழுந்து தன் ஆசனத்து விரிப்பைத் திருப்பிப் பார்த்தது. விரிப்பு முழுக்கப் பழசு. ஓரத்தில் ஒரே ஒரு வரி மட்டும் புத்தம் புதிதாக நிமிர்ந்து நின்றது.

"நரியாரே, உம்முடைய துணியில் ஒரே ஒரு வளையம் காட்டும்!"

"நான்... நான் எல்லாத்தையும் அறுத்துட்டேன், ராஜா!"

"அப்படியா? நானே தேடிப் பார்க்கிறேன்." சிங்கம் குனிந்து மூக்கை வைத்தது. "அச்ச்சூ!" ஒரே தும்மல்! பஞ்செல்லாம் பறந்துபோய் நரியின் மீசையில் ஒட்டிக்கொண்டது. ஐந்து முழத் துணியும் மொட்டையாகக் கிடந்தது. வெள்ளை மீசையோடு நரி எடுத்த ஓட்டம், காடு தாண்டித்தான் நின்றது.

சிங்கம் புது விரிப்பில் கம்பீரமாக அமர்ந்தது. "என் வீட்டுக்காரி நெய்தது!" என்று சொக்கன் சபை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"நாம நெய்தது!" என்று திருத்தினாள் மரகதம்.

குடும்பத் தொழிலைக் குறுக்கு வழிக்கு விட்டுக்கொடுக்காமல் காப்பவர், எந்தச் சபையிலும் தலை நிமிர்ந்து நிற்பார்.