இடுக்குப் பாறையில போர்

அல்லிக்குளத்துக் கரையில பூவாயின்னு ஒரு கீரி வடைக்கடை வச்சிருந்தா. அவ வடை சுட்டா, வாசம் குளத்தைத் தாண்டி, மூங்கில் காட்டைத் தாண்டி, பகல்ல தூங்கிட்டு இருக்கிற வௌவால் மூக்கு வரைக்கும் போகும். வௌவால் கண்ணைக்கூடத் திறக்காம, தலைகீழாத் தொங்கிக்கிட்டே, "எனக்கு ரெண்டு எடுத்து வைங்கக்கா"ன்னு முனகும். அப்பேர்ப்பட்ட வடை!

அன்னைக்குச் சாயங்காலம் அவளுக்குப் பெரிய வேலை. குளத்துத் தவளை செங்கமலத்தோட மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்துக் குட்டையில இருக்கிற தேரை. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நகை கேக்கல, சீர் கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "பந்தியில பூவாயி வடை இருக்கணும். இல்லேன்னா வந்த வழியே தாவிப் போயிருவோம்."

காலையிலேயே செங்கமலம் கடைக்கு வந்து நின்னா.

"பூவாயி, என் மானம் உன் வடைச்சட்டியில இருக்குடி."

"கவலைப்படாதக்கா. மாவு ஆட்டி வச்சாச்சு. எண்ணெய் மட்டுந்தான் வாங்கணும். இதோ ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடறேன்."

எண்ணெய் வேணும்னா பெருச்சாளி மாசாணம் அண்ணாச்சி கடைக்குத்தான் போகணும். அந்தக் காட்டுல வேற யாருகிட்டயும் எண்ணெய் கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் இலுப்பைத் தோப்பு. அங்க காட்டுப்பன்னிங்க செக்கு ஆட்டும். ஆமைங்க அந்த எண்ணெயைக் குடுவையில ஊத்தி, முதுகுல கட்டிக்கிட்டு, மெதுமெதுவா நடந்து கொண்டுவரும்.

வர்ற வழியில இடுக்குப் பாறைன்னு ஒரு இடம். ரெண்டு பாறைக்கு நடுவுல, ஒரே ஒரு யானை நுழையற அளவுக்கு ஒடுக்கமா ஒரு சந்து. அதை விட்டா வேற வழி இல்ல. சந்துக்குக் கிழக்க யானைங்க மலை, மேற்க காட்டெருமைங்க மலை. அவங்க ரெண்டு பேரும் லேசா முறைச்சுக்கிட்டாலே போதும், நடுவுல போற ஆமை ஓட்டுக்குள்ள போயிடும்.

எப்பவும் ஒரு கொட்டாங்குச்சி எண்ணெய் அஞ்சு நெல்லிக்காய்தான். பூவாயி கூடை நிறைய நெல்லிக்காயைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போனா.

போனா, கடை வாசல்ல திருவிழாக் கூட்டம். அணில், முயல், முள்ளம்பன்னின்னு எல்லாரும் கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இடிச்சுத் தள்ளிட்டு நிக்கிறாங்க. பக்கத்துக் கிளையில வௌவால்கூடத் தொங்கிட்டு இருக்கு.

"என்ன தம்பி, நீ வடையும் சுடமாட்டே, விளக்கும் ஏத்தமாட்டே. உனக்கு எதுக்கு எண்ணெய்?"

"தெரியலக்கா. எல்லாரும் வாங்குறாங்க. அதான் நானும்."

பூவாயி கூட்டத்துக்குள்ள புகுந்து முன்னாடி போனா.

"அண்ணாச்சி, கல்யாண வடைக்கு ஆறு கொட்டாங்குச்சி ஊத்துங்க."

"ஊத்தலாம் தாயி. ஆனா இப்ப ஒரு கொட்டாங்குச்சி பத்து நெல்லிக்காய்."

"நேத்து அஞ்சுதானே?"

"நேத்து போர் இல்லியே" ன்னு அண்ணாச்சி மேல கையைக் காட்டினாரு.

கூரை மேல பச்சைமுத்துன்னு ஒரு கிளி உட்கார்ந்திருந்தான். காட்டுல எது நடந்தாலும் முதல்ல வந்து சொல்றது அவன்தான்.

"போர்! இடுக்குப் பாறையில போர்!" ன்னு அவன் கத்தினான். "என் காதால கேட்டேன். 'போர் எங்க பக்கந்தான்'னு ஆனையம்மா சொல்றாங்க. 'அதெல்லாம் முடியாது, போர் எங்க மலையடியிலதான்'னு காட்டெருமை கட்டாரி மல்லுக்கு நிக்கிறாரு!"

"அப்புறம் என்ன ஆச்சு?" ன்னு பூவாயி கேட்டா.

"அப்புறம் நான் எதுக்கு அங்க நிக்கிறேன்? பறந்து வந்துட்டேன்."

அண்ணாச்சி மீசையை நீவிக்கிட்டாரு. "பாத்தியா தாயி. சந்து அடைஞ்சா ஆமை வராது. ஆமை வரலேன்னா எண்ணெய் வராது."

"சரி அண்ணாச்சி. உங்க பொந்துல இருக்கிற எண்ணெய் எப்ப வந்தது?"

"போன வாரம்."

"நாளைக்கு வரப்போற சண்டை, போன வாரம் வந்த எண்ணெய்க்கு எப்படி அண்ணாச்சி தெரிஞ்சுது?"

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. அண்ணாச்சிக்கே லேசாச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கிக்கிட்டாரு.

"எண்ணெய்க்குத் தெரியாது, எனக்குத் தெரியும்ல? இதை வித்த காயை வச்சுத்தானே அடுத்தது வாங்கணும். அடுத்தது என்ன விலைக்கு வருமோ, வருமோ வராதோ, யாரு கண்டா?"

இவங்க பேசிட்டு இருக்கும்போதே பின்னாலேருந்து முயல், "நான் பன்னெண்டு தரேன், எனக்கு ஊத்துங்க" ன்னு குரல் கொடுத்துச்சு. முள்ளம்பன்னி விடுமா? "எனக்குப் பதினஞ்சுக்கு ஊத்துங்க" ன்னுச்சு. மேலேருந்து பச்சைமுத்து மறுபடி "போர்!" ன்னான். அவன் வாயைத் திறந்தா விலை ஒரு படி ஏறுது. வாயை மூடினா ஏறின இடத்துலயே நிக்குது. இறங்குற பேச்சே இல்ல.

கடைசில விலை இருபதுல வந்து நின்னுச்சு. பூவாயி தன்னோட கூடையைப் பாத்தா. இந்தக் காயை வச்சு வாங்கினா, மாப்பிள்ளையோட தாய்மாமன் ஒருத்தருக்குக்கூட வடை பத்தாது. அந்த மனுசன் சாப்பாட்டைப் பத்தி ஊரே பேசும். வடை இல்லேன்னா கல்யாணம் இல்ல, செங்கமலம் முகத்துல எப்படி முழிக்கிறது?

"யானை தும்பிக்கையைத் தூக்கினதை நான் பாக்கல. எருமை கொம்பை ஆட்டினதையும் பாக்கல. கிளி கத்தினதுக்கு இருபது காய் கொடுக்க என்னால ஆகாது. நான் போய்ப் பாத்துட்டே வந்துடறேன்."

"ரெண்டு மலைக்கு நடுவுல மாட்டிச் சட்னி ஆயிடப் போறே" ன்னு முள்ளம்பன்னி கிண்டல் பண்ணுச்சு.

"சட்னி ஆனாலும் நல்லதுதான். வடைக்குத் தொட்டுக்கலாம்" ன்னு சொல்லிட்டு ஒரே ஓட்டமா ஓடிட்டா.

வாய் என்னமோ அப்படிப் பேசிடுச்சு. ஆனா இடுக்குப் பாறை கிட்ட வந்ததும் ஓட்டம் நடையாச்சு. பாறைக்கு அந்தப் பக்கம் புழுதி வானத்துக்கு எழும்புது. தொம் தொம்முனு தரை அதிருது. நடுநடுவுல யானை வேற பிளிறுது.

'ஐயையோ, கிளி சொன்னது நெசந்தானோ?'

சந்துக்குள்ள எட்டிப் பாத்தா, வரிசையா உருண்டைக் கல்லு. ஒவ்வொரு கல்லு மேலயும் ஒரு எண்ணெய்க் குடுவை. கிட்டப் போய்ப் பாத்தா கல்லு இல்ல, ஆமைங்க. தலை, காலு எல்லாத்தையும் உள்ள இழுத்துக்கிட்டுக் கிடக்கு. பூவாயி முன்னாடி இருந்த ஓட்டைத் தட்டினா.

"யாரு?" ன்னு உள்ளேருந்து ஒரு குரல்.

"வடைக்கடை பூவாயி, நயினார் மாமா."

"சண்டை முடிஞ்சுதா?"

"ஆரம்பிச்சுதா?"



"அது தெரியாதும்மா. கிளி கத்திட்டுப் போச்சு, நாங்க உள்ள இழுத்துக்கிட்டோம். அதுலேருந்து வெளிய எட்டிப் பாக்கல."

பூவாயிக்குத் தலையில அடிச்சுக்கலாம்போல இருந்துச்சு. எண்ணெயை யானையும் நிறுத்தல, எருமையும் நிறுத்தல. கிளியோட ஒரு சத்தம் நிறுத்தி வச்சிருக்கு!

மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாறைமேல ஏறி அந்தப் பக்கம் பாத்தா. திறந்த வாய் மூடல. பெரிய களம். களம் முழுக்கக் காட்டு நெல்லுக் கதிர். யானைங்களும் காட்டெருமைங்களும் ஒண்ணு பின்னால ஒண்ணா வட்டம் சுத்தி அதை மிதிச்சிட்டு இருக்காங்க. நெல்லு ஒரு பக்கம் உதிருது. வைக்கல் ஒரு பக்கம் மலையாக் குவியுது. கட்டாரியோட கொம்புல வைக்கல் மாலை மாதிரி தொங்குது.

"ஆனையம்மா, சண்டை எங்க நடக்குது?"

"எந்தச் சண்டைடி?"

"நீங்க 'போர் எங்க பக்கந்தான்'னு சொன்னீங்களாமே. ஊரே கிடுகிடுத்துப் போயிருக்கு."

ஆனையம்மா ஒரு நிமிசம் முழிச்சாங்க. அப்புறம் வயிறு குலுங்கச் சிரிச்சாங்க பாருங்க, அந்த அதிர்ச்சியில ரெண்டு ஆமை உருண்டுருச்சு.

"அடியே, அது வைக்கப்போருடி! கதிரடிச்ச வைக்கலை யாரு மலையடியில போர் போடுறதுன்னு பேசிட்டு இருந்தோம்."

"வருசா வருசம் அவங்க பக்கமே போட்டா எங்க பிள்ளைங்க வைக்கலுக்கு எவ்ளோ தூரம் நடக்கும்?" ன்னு கட்டாரி சொன்னாரு. "அதைக் கேட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க. அதுக்குள்ள அந்தக் கிளிப் பய பறந்துட்டான்."

பூவாயியும் சிரிச்சா. ஆனா பொழுது மேற்க சாயறதைப் பாத்ததும் சிரிப்பு நின்னு போச்சு. கல்யாணத்தைச் சொன்னா, வடையைச் சொன்னா, கடையில ஏறின விலையைச் சொன்னா.

"நயினார் மாமா இப்பக் கிளம்பினாலும் நாளைக்குத்தான் வந்து சேருவாரு. அதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தாவிடுவாங்க ஆனையம்மா."

"ஆமையை நடக்க விட்டாத்தானே நாளைக்கு?" ன்னாங்க ஆனையம்மா.

கட்டாரி முதுகுல வைக்கலை மெத்தை மாதிரி அடுக்கினாங்க. ஒவ்வொரு ஆமையாத் தும்பிக்கையால தூக்கி, எண்ணெய் சிந்தாம அது மேல வச்சாங்க. உச்சியில பூவாயி ஏறி உட்கார்ந்துக்கிட்டா. ஆனையம்மாவும் கூடவே கிளம்பினாங்க.

"வேகமாப் போனாத் தலை சுத்துது" ன்னு நயினார் முனகினாரு. ஆனா தலையை உள்ள இழுக்கல. பிறந்ததிலேருந்து அவரு அவ்ளோ உசரத்துலேருந்து காட்டைப் பாத்ததே இல்ல.

இங்க கடையில நிலைமை முத்திப் போயிருந்துச்சு. மாசாணம் அண்ணாச்சி, கிளி சொன்னதை இப்ப அவரே முழுசா நம்பிட்டாரு. நாளைக்கு ஐம்பதுக்கு விக்கலாம்னு கணக்குப் போட்டு, முயலுக்கும் முள்ளம்பன்னிக்கும் வித்த எண்ணெயை அவரே முப்பது முப்பது காய் கொடுத்துத் திரும்ப வாங்கிட்டாரு. பொந்து நிறைய எண்ணெய். கல்லாவுல ஒரு நெல்லிக்காய் இல்ல.

அப்பத்தான் பச்சைமுத்து தூரத்துல புழுதியைப் பாத்தான். கூட யானை, காட்டெருமை!

"போர் வருது! போர் வருது!"

முயல் புதருக்குள்ள பாய்ஞ்சுது. முள்ளம்பன்னி பந்தாச் சுருண்டுச்சு. அணில் யாரு வாலையோ தன் வாலுன்னு நினைச்சு இழுத்துட்டு ஓடுச்சு. வாங்கின எண்ணெயைப் பத்திரமாப் பிடிச்சிருந்த வௌவால், பயத்துல கிளைக்குத் தாவித் தலைகீழாத் தொங்குச்சு. கொட்டாங்குச்சியும் கூடவே கவுந்து, மொத்த எண்ணெயும் தலையில வழிஞ்சு, கல்யாணத்துக்குக் குளிக்கப் போற மாதிரி பளபளன்னு ஆயிடுச்சு.

கட்டாரி வந்து நின்னாரு. வைக்கல் உச்சியிலேருந்து பூவாயி எட்டிப் பாத்தா.

"எல்லாரும் வெளிய வாங்க. கிளி சொன்ன போர் இதான். வைக்கப்போர். பயமா இருந்தா ஒரு வாய் கடிச்சுப் பாருங்க."

ஒவ்வொரு தலையா வெளிய வந்துச்சு. எல்லாரும் திரும்பிக் கிளியைப் பாத்தாங்க.

"நான் போர்னுதானே சொன்னேன்" ன்னு பச்சைமுத்து இறக்கைக்குள்ள முகத்தை வச்சுக்கிட்டான். "சண்டைன்னு சொன்னேனா?"

ஆமைங்க குடுவையோட இறங்கினதுதான் தாமதம், விலை மடமடன்னு இறங்குச்சு. பதினஞ்சு, பத்து, அஞ்சு. வாங்கத்தான் ஆள் இல்ல.

"தாயி, மூணு காய்க்கே எடுத்துக்கோ" ன்னு அண்ணாச்சி கெஞ்சினாரு. "உள்ள காலை வைக்க இடமில்ல. நானே வழுக்கி விழுறேன்."

"நேத்து விலைக்கே ஊத்துங்க அண்ணாச்சி. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

இருட்டுறதுக்குள்ள வடைச்சட்டி காய்ஞ்சுது. வடை உப்பி எழும்பின வாசத்துல மாப்பிள்ளை தாலி கட்டுறதை மறந்துட்டுப் பந்திப் பக்கம் திரும்ப, செங்கமலம் பிடிச்சு நேரா உட்கார வச்சா. தாய்மாமன் சாப்பிட்ட சாப்பாட்டுல அவருக்கு அன்னைக்குத் தாவவே முடியல. கட்டாரி முதுகுல ஏத்தித்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க.

மாசாணம் அண்ணாச்சி ஓரமா நின்னுட்டு இருந்தாரு. பூவாயி அவரு இலையில நாலு வடையை அடுக்கினா.

நாளைக்கு வருமோ வராதோன்னு தெரியாத சண்டைக்கு இன்னைக்கே பயந்து முண்டியடிச்சா, சண்டை வராமலேயே அந்தப் பயம் நம்ம கூடையைக் காலி பண்ணிடும்.