அக்னி நட்சத்திரத்தில் ஹீட்டர்

சங்கரபாண்டி என்று ஒரு தலைமையாசிரியர். ஓய்வுபெற்றதும் பழைய கார் ஒன்று வாங்கினார். கார் வேலை கற்றுக்கொள்ள மெக்கானிக் ரஹீமாவிடம் சேர்ந்தார். அவரிடம் ஏழாம் வகுப்பு படித்தவள்தான் அவள். "இப்ப நீதான் டீச்சர்" என்பார்.

ஓர் அக்னி நட்சத்திர ஞாயிறு. கார் வாசலில் நின்றபடியே கொதித்தது. இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பன்னிரண்டு மணி ரயிலில் மகள் செல்லக்கிளி வருகிறாள். ஸ்டேஷன் பதினைந்து கிலோமீட்டர். பஸ்ஸும் போய்விட்டது.

ரஹீமா வந்தபோது அவர் கை ரேடியேட்டர் மூடியில் இருந்தது. ஸ்பேனரால் தட்டிவிட்டாள்.

"வெந்துரும் சார். ஆறட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"நீங்க கேக்காம இருந்தா சீக்கிரம் ஆறும்."

கேட்டுக்குப் போனார், திரும்பி வந்தார், கடிகாரம் பார்த்தார். மறுபடியும் கேட்டுக்குப் போனார்.

ஆறியபின் ரஹீமா மூடியைத் திறந்தாள். தண்ணீர் நிறைய இருந்தது. குழாய்களில் கசிவு இல்லை. காரை ஓடவிட்டாள். முள் ஏறியது, ஃபேன் சுற்றவில்லை.

"ஃபேன் மோட்டார் போயிருச்சு. இன்னிக்குக் கடை கிடையாது."

"டீச்சர், என் மக, நானே வந்து கூப்பிட்டாத்தான் வீட்டுக்கு வருவாளாம். இல்லேன்னா அடுத்த ரயில்ல திரும்பிருவாளாம். மூணு வருஷமாப் பேச்சில்ல."

"அவ கல்யாணத்துக்குப் போகாதது யாரு?"

அவர் மறுபடியும் கடிகாரம் பார்த்தார்.

ரஹீமா காருக்குள் கைவிட்டு ஹீட்டரை முழுக்கத் திருப்பினாள்.

"ஏறுங்க. ஜன்னலெல்லாம் இறக்குங்க."

அனல் அவர் முகத்தில் அடித்தது.

"என்னம்மா இது! வெளியில நெருப்பு, உள்ளேயுமா?"

"இஞ்சின் சூடு எந்த வழியாவது வெளிய வரணும்ல. இப்படி வந்தா அது பிழைச்சுக்கும். ஓடுற வண்டிக்குக் காத்தும் கிடைக்கும். எங்கயாவது நிக்க வேண்டியிருந்தா இஞ்சினை ஆஃப் பண்ணிருங்க."

"நான் வெந்துருவேன்!"

"வேர்க்கும். அவ்வளவுதான்."

முள் ஒரு நூல் இறங்கியது.

கியரைப் போட்டவர் காலை பிரேக்கிலேயே வைத்திருந்தார்.

"ஏறின உடனே ஆரம்பிச்சிருவா, டீச்சர். மூணு வருஷத்துக் கோபம். பதினஞ்சு கிலோமீட்டர். நான் என்னன்னு பதில் சொல்றது?"

ரஹீமா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"வீடு வர்ற வரைக்கும் ஹீட்டரை அணைச்சிராதீங்க, சார்."