மதகைத் திறப்பது யார்

செவ்வரை சின்ன நாடு. அதை ஒட்டி இரண்டு பெரிய நாடுகள். ஆறு மேலைநாட்டில் பிறந்து, கீழைநாட்டின் வயல்களில் பாய்ந்து கடலுக்குப் போகிறது. செவ்வரைக்கு அந்த ஆற்றில் ஒரு சொட்டும் வேண்டாம். அதற்குச் சுனைகளே போதும். அதனால்தான் இரண்டு பெரியவர்களும் அதை நடுவராக வைத்துக்கொண்டார்கள்.

அந்த வேலை அமைச்சர் வேள்நம்பியின் தலையில் விழுந்தது. பன்னிரண்டு முறை பேச்சு நடத்தி, பன்னிரண்டு முறை விருந்து வைத்து, மனிதர் வெறுத்துப்போனார். கீழைநாட்டில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. பத்து நாளில் தண்ணீர் வராவிட்டால் இந்த வருஷம் நடவு கிடையாது. அவர் மகளைக் கட்டிக்கொடுத்ததும் அங்கேதான்.

பன்னிரண்டாம் பேச்சும் முறிந்த அன்று நேரே தன் குருவிடம் போனார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். தோட்டத்தில் கத்தரிக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

"இவர்களோடு மாரடிக்க இனி என்னால் ஆகாது, சுவாமி."

"இன்றைக்கு என்ன?"

"மண்டபத்துக்குள் யார் முதலில் நுழைவது என்று காலையெல்லாம் சண்டை. இரண்டு வாசல் வைத்தேன். எது பெரிய வாசல் என்று மத்தியானம் வரை சண்டை. சாப்பாட்டுக்கு மட்டும் ஒற்றுமையாக உட்கார்ந்தார்கள்."

"தண்ணீரில் என்ன தகராறு?"

"அளவெல்லாம் எப்போதோ ஒத்துக்கொண்டார்கள். அணை மதகை யார் திறப்பது என்பதில்தான் நிற்கிறது. மேலைநாட்டான் திறந்தால் குறைத்து விடுவானாம். கீழைநாட்டான் திறந்தால் அணையையே வடித்துவிடுவானாம்."

"என்னதான் கேட்கிறார்கள்?"

வேள்நம்பி மடியிலிருந்து இரண்டு ஓலைகளை எடுத்துப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. இரண்டிலும் ஒரே வரி. செவ்வரை ஆள் மதகைத் திறப்பதானால் எங்களுக்குச் சம்மதம்.

"இது எப்போது வந்தது?"

"நாலாம் பேச்சில்."

"என்ன பதில் எழுதினீர்கள்?"

"ஆலோசித்துச் சொல்கிறோம் என்று."

குரு மண்வெட்டியைக் கீழே போட்டார். அவருக்கே எரிச்சல் வந்துவிட்டது. வாய்க்கால் கரையில் நின்ற மொக்கையனைக் கூப்பிட்டார். மொக்கையன் அந்த ஊர் நீர்க்கட்டி. ஏரித் தண்ணீரை வயலுக்கு வயல் முறை வைத்துத் திருப்பிவிடுகிறவர். அந்த ஏரிப் பாசனத்தில் ஒரு குழி நிலம்கூட இல்லாதவரைத்தான் அந்த வேலைக்கு வைப்பது ஊர் வழக்கம்.

"மொக்கையா, ஊரில் உங்களை யார் ஏசுவார்கள்?"

"மேமடைக்காரரும் ஏசுவாரு, கடைமடைக்காரரும் ஏசுவாரு சாமி. ஒருத்தரு மட்டும் ஏசினா எங்கனயோ தப்பு நடந்துபோச்சுன்னு திரும்பப் போயிப் பாப்பேன்."

"இரண்டு பேரும் ஏசினால்?"

"வீட்டுக்குப் போயி நிம்மதியாப் படுத்துருவேன்."

சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார். அமைச்சருக்கு முகம் கறுத்தது.

"அவருக்கு ஒரு ஊர் ஏச்சு. எங்களுக்கு அப்படியா? மழை பொய்த்தால் இரண்டு பெரிய நாடும் எங்கள் மேல் பாயும். இதுவரை செவ்வரையை ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை, சுவாமி."

"தண்ணீரும் போனதில்லை."

வேள்நம்பி ஓலைகளைச் சுருட்டினார்.

"என் மகளே என்னை ஏசுவாள்," என்றார் மெல்ல.

குரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

"ஏசட்டும். நடவை முடித்துவிட்டு ஏசட்டும்."