கடம்பனின் முட்டிக்குள் முளைத்த முள்

கடம்பனை முதலில் வஞ்சித்தவன் ஊசியப்பன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு யாரும் இதை மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. அதனால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

கடம்பன் ஒரு காட்டெருமை. மலையடிவாரச் சுனைக்கரையில் தனியாக மேய்ந்துவந்த கிழக் கடா. ஊசியப்பன் ஒரு முள்ளம்பன்றி. சுனைக்குப் போகும் தடத்துக்கு அடியிலேயே அவன் வளை தோண்டியிருந்தான். தடத்தின் ஓரத்தில், அவன் வெகுநாளாகக் கண்வைத்திருந்த வள்ளிக்கிழங்குக் கொடி படர்ந்திருந்தது.

ஒரு மழைக்காலத்தில் கடம்பன் அந்த வழியாக வந்தான். மண் ஈரமாக இருந்தது. நின்று மோந்து பார்த்தான்.

"தம்பி, தரை தாங்குமா? இல்ல, ஓரமா சுத்திப் போகட்டுமா?"

சுற்றிப் போனால் கிழங்குக் கொடி மிதிபடும். ஊசியப்பன் யோசிக்கவே இல்லை.

"நேரா வாங்கண்ணே. தரை பாறை மாதிரி கெட்டி."

கடம்பன் நம்பிக் காலை வைத்தான். தரை உள்வாங்கியது. வலது முன்னங்கால் வளைக்குள் இறங்கி, முட்டி திருகிக்கொண்டது.

"ஐயையோ! இந்தப் பள்ளத்த நானே மூடித் தர்றேண்ணே. நாளைக்கே மூடிடறேன்," என்றான் ஊசியப்பன். சொன்னவன் பக்கத்து நாவல் மரத்தடியில் புது வளை தோண்டிக் குடியேறினான். பள்ளம் அப்படியே கிடந்தது.

கடம்பனுக்கு வீக்கம் வடிந்தது. வலியும் போனது. கோபம் மட்டும் போகவில்லை. பொழுது சாயும்போதெல்லாம் அவன் நாவல் மரத்தடிக்குப் போவான். அடிபட்ட அதே காலைத் தூக்கி, ஊசியப்பன் வளையின் கூரைமேல் தொம் தொம்மென்று மிதிப்பான்.

"பள்ளத்த மூடினியாடா?"

"நாளைக்குண்ணே," என்று மண்ணுக்கு அடியிலிருந்து குரல் வரும்.

மழைக்காலங்கள் பல வந்து போயின. மிதிப்பது மட்டும் நிற்கவில்லை. மெல்ல மெல்லக் கடம்பனின் முட்டி இறுகியது. காலையில் எழுந்தால் மடங்காது. நடந்தால் உள்ளே நறநறவென்று சத்தம் கேட்கும்.

அவன் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும் கொக்கு வெள்ளையம்மாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

"மாமா, உங்க முட்டி போடற சத்தத்துல பூச்சியெல்லாம் பறந்துபோகுது. என் பொழப்புல மண்ணு விழுது."

"நான் என்ன செய்ய? எல்லாம் அந்த ஊசியப்பனால வந்தது."

"முட்டி எலும்புக்கு மேல இருக்கிற மெத்தை தேஞ்சுபோச்சாம். நரி சொல்லுச்சு."

"மெத்தையும் என்னை ஏமாத்திடுச்சா? அதுவும் அவன் ஆளாத்தான் இருக்கும்."

அந்த ஆண்டு கோடை முன்னதாகவே வந்துவிட்டது. சுனையில் சேறுதான் மிச்சம். மான்களும் பன்றிகளும் மலைமேல் இருக்கும் ஊற்றுக்கு ஏறிவிட்டன. கடம்பனால் ஏற முடியவில்லை.

"இந்தச் சேறும் காஞ்சா நான் பறந்துடுவேன் மாமா," என்றாள் வெள்ளையம்மா. "நீங்க என்ன பண்ணுவீங்க?"

கடம்பன் மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான்.

உச்சி வெயிலில் நாவல் நிழலில் படுத்து அசைபோட்டான். தட்டான்கள் அசையாமல் காற்றில் நின்றன. சேற்றில் மீந்திருந்த நீரின் வெளிச்சம் அவன் இமைமேல் நெளிந்தது. அசைபோடும் வாய் நின்றது. உடம்பு சின்னதாகிக்கொண்டே போனது. கடுகளவு ஆனபோது ஒரு வெள்ளைக் குகைக்குள் நின்றிருந்தான்.

அது அவனுடைய முட்டிதான். கனவில் அது எப்படியோ அவனுக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே பாலில் ஊறியதைப் போன்ற வெளிச்சம். வெதுவெதுப்பான சிவப்பு ஓடை ஒன்று சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கறையான்கள் பழைய சுவரைத் தின்றன. அவை தின்ற இடத்தில் குளவிகள் ஈர மண் கொண்டுவந்து புதுச் சுவர் வைத்தன. அவை ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. இரண்டும் தூக்கத்தில் வேலை செய்வதுபோல் செய்தன.

"யாரு, கடம்பனா?" என்று சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"நீ யாரு? எங்க இருக்கே?"

"நானும் குளவிதான். இந்தச் சுவரைக் கட்டினவ. கட்டக் கட்ட அது என்னைச் சுத்தியும் வளர்ந்துடுச்சு. எங்க எல்லாரையும் எலும்பு உயிரணுக்கள்னு படிச்சவங்க சொல்லுவாங்க. கறையான் தின்னும், குளவி கட்டும். சுவருக்குள்ள இருக்கிற நாங்க கேட்டுக்கிட்டே இருப்போம்."

சுவரில் மயிரிழை போன்ற துளைகள் இருந்தன. ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு மெல்லிய மீசை நீண்டு பக்கத்து அறையில் இருந்தவளின் மீசையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"என்ன கேப்பீங்க?"

"நீ மேல எவ்வளவு பாரம் வைக்கறேன்னு. எங்க தின்னணும், எங்க கட்டணும்னு நாங்கதான் சொல்லியனுப்பறோம். தினம் சாயங்காலம் இடி விழுந்தது கடம்பா. சுவர்ல கீறல் விழுந்தது. கறையானை வரச்சொன்னோம். அது அளவு மீறித் தின்னுச்சு. குளவியை வரச்சொன்னோம். அவசரத்துல அது தாறுமாறாக் கட்டுச்சு. மறுநாள் மறுபடி இடி. இன்னும் கட்டு, இன்னும் கட்டுன்னு சொல்லிக்கிட்டே இருந்தோம்."

"கெட்டியாக் கட்டினா நல்லதுதானே?"

"மேல பாரு."

கடம்பன் நிமிர்ந்து பார்த்தான். சுவருக்கு மேலே மெத்தை விரித்ததுபோல் ஒரு வழுவழுப்பான பரப்பு. ஒரு காலத்தில் அது நிலா நிறத்தில் பளபளத்திருக்க வேண்டும். இப்போது நாராகக் கிழிந்து தொங்கியது.

"மெத்தைக்குக் கீழ இருக்கிற தரை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கணும். நாங்க அதைக் கல்லாக்கிட்டோம். அப்புறம் அடி மொத்தமும் மெத்தைமேலதான் விழுந்தது. எல்லாரும் அதைக் குறை சொல்றாங்க. பாவம், அது என்ன பண்ணும்?"

ஓரத்தில் ஏதோ வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. கடம்பன் கிட்டே போய்ப் பார்த்தான். முள். ஊசியப்பன் முதுகில் இருப்பதைப் போன்ற முள்.

"இது அவன் குத்தினதா?"

"அவன் உன் முட்டியத் திருகினது ஒரு தடவை. இது நீ கொண்டுவந்த இடியில எங்க குளவிங்க கட்டினது."

"எடுத்துடுங்களேன்."

"முளைச்சது முளைச்சதுதான். கிழிஞ்ச மெத்தையும் திரும்ப வராது. இடிய நிறுத்திட்டு மெதுவா நட. மெதுவா நடக்கறது எங்களுக்குப் பாட்டு மாதிரி. அதைக் கேட்டா, கட்டறவங்க கை கொஞ்சம் நிதானமாகும்."

அவள் மீசை அவன் நெற்றியைத் தொட்டது. கடம்பன் விழித்துப் பார்த்தான். நெற்றியில் ஒரு நாவல் இலை கிடந்தது.

அவன் எழுந்து ஊசியப்பன் வளைமேல் போய் நின்றான். வழக்கம்போல் காலைத் தூக்கினான். தூக்கியபடியே கீழே பார்த்தான். சுற்றிலும் புல் இருந்தது. அவன் மிதிக்கும் இடத்தில் மட்டும் ஒரு புல்கூட இல்லை. மண் கல்லாக இறுகிப் பளபளத்தது.

அவன் காலை மெதுவாகக் கீழே வைத்தான்.

வளையிலிருந்து மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது.

"என்னண்ணே, இன்னைக்கு மிதிக்கலையா?"

"இல்ல."

"மிதிங்கண்ணே. நீங்க மிதிச்சு மிதிச்சுத்தான் என் கூரை கெட்டியாச்சு. எவ்வளவு மழை பேஞ்சாலும் ஒரு சொட்டு ஒழுகல. பெண்டாட்டிகூட உங்களத்தான் வாழ்த்தறா."

வெள்ளையம்மா சிரிப்பை அடக்க இறக்கைக்குள் தலையை வைத்துக்கொண்டாள். கடம்பனின் காது சிவந்தது. வலது கால் தானாக ஒரு விரல் உயரம் எழுந்தது. முட்டிக்குள் மீசைகள் ஒன்றையொன்று தொட்டுக் காத்திருப்பதுபோல் இருந்தது. காலை ஊன்றிக்கொண்டான்.

"பள்ளத்த மூடுடா," என்றான்.

"நாளைக்குண்ணே."

கடம்பன் திரும்பி நடந்தான். செங்குத்தான குறுக்குவழியை விட்டுவிட்டான். மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும் சரிவான தடத்தில் ஏறினான். கொஞ்சம் நடப்பான், நிற்பான், மறுபடி நடப்பான். முட்டி வலித்தது. நறநறவென்று சத்தமும் போட்டது. ஆனால் கால் அவனைத் தாங்கியது. வெள்ளையம்மா அவன் முதுகிலேயே தூங்கிப்போனாள். கீழே சுனைச்சேறு வெடித்துக் காய்ந்த நாளில், அவன் மலைமேல் ஊற்றில் வாய்வைத்துக் குளிரக் குளிரக் குடித்தான்.

குடித்துவிட்டுக் கீழே பார்த்தான். கானலுக்கு நடுவில், தடத்தின்மேல் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. அது அந்தப் பள்ளம்தான். ஊசியப்பன் அதை இன்றுவரை மூடித் தரவில்லை.

வஞ்சித்தவனை மறக்க வேண்டியதில்லை, அவன் தர வேண்டியது அவன் தலைமேலேயே இருக்கட்டும். ஆனால் அதைக் கேட்டு அவன் கூரையை மிதித்துக்கொண்டே இருந்தால், அவன் வீடு உறுதியாகும், நம் முட்டிதான் தேயும்.