வராதவர்களின் பூஜ்யம்

'சிரிக்க வை என்றால் சிரிக்க வைத்துவிடலாம். எதைப் பார்த்துச் சிரிப்பது என்றாவது இவர்கள் சொல்லக்கூடாதா?'

ஆவுடை இப்படி நினைத்துக்கொண்டாள். முன்பு ஒரு நாட்டில், பெயர் எதற்கு, ஒரு ராஜாவின் சபையில் அவள் விகடகவி. ராஜா செய்கிற கோணலையெல்லாம் ஊர் சிரிக்கும்படி மாற்றிக் கொடுப்பதே இருபது வருடமாக அவள் பிழைப்பு. இப்போதெல்லாம் வீட்டுக்குப் போனால் தாடை வலிக்கிறது.

அந்த வருடம் ராஜாவுக்கு ஓர் ஆசை. சில வாத்தியார்கள் மதிப்பெண்ணை அள்ளி விடுகிறார்கள், சிலர் கிள்ளிக் கொடுக்கிறார்கள். நாடு முழுக்க ஒரே அளவுகோல் வேண்டும். ஆசையில் தப்பில்லை. வழி சொன்னவர் மந்திரி உத்தண்டர். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு பொதுத்தேர்வு. வாத்தியார் போட்ட சராசரியைவிடத் தேர்வில் பள்ளியின் சராசரி எவ்வளவு இறங்குகிறதோ, அவ்வளவை அங்கே படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாத்தியார் போட்ட மதிப்பெண்ணில் குறை. ஏறினால் கூட்டு.

உப்பளத்துப் பள்ளியில் இருபது பிள்ளைகள். தேர்வன்று பத்துப் பேருக்கு அம்மை. வராதவர்களுக்குப் பூஜ்யம் போட்டார் மந்திரி. சராசரி முப்பது இறங்கியது. வாத்தியாரிடம் தொண்ணூற்றிரண்டு வாங்கியிருந்த சாலாச்சி, தேர்வையும் நன்றாக எழுதியவள், அறுபத்திரண்டுக்கு வந்துவிட்டாள். அவள் வைத்தியம் படிக்கச் சேர நினைத்த அரசு வைத்தியசாலையில் எண்பது கேட்டார்கள்.

காலையில் அந்தப் பெண் கோட்டை வாசலில் ஆவுடையை மறித்தாள். அழவில்லை. "அம்மை போட்டது அவங்களுக்கு. எனக்கு ஏன்க்கா குறைஞ்சுது?"

சபைக்கு வந்தால், மந்திரி காத்திருந்தார்.

"பிரபு, உப்பளத்தார் முணுமுணுக்கிறார்கள். நம் விகடகவி மதிப்பெண் பட்டியலோடு போய் அவர்களைச் சிரிக்க வைக்கட்டும். முடியாதென்றால் அவருக்கு இந்தச் சபையில் ஆசனம் எதற்கு?"

"போகிறாயா, ஆவுடை?" என்றார் ராஜா.

"இன்று மாலை வில்போட்டி இருக்கிறதே, மகாராஜா. அதையும் மந்திரியாரின் முறைப்படியே அளக்கட்டும். பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்."

"பேஷ்! ஒரே அளவுகோல்!" என்றார் ராஜா.

ராஜா பத்து அம்பில் ஒன்பதைக் குறியில் நட்டார். கழுத்தை நீட்டிக்கொண்டு வெற்றிமாலைக்குக் காத்திருந்தார். மந்திரி கணக்குப் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். அவர் நெற்றியில் விபூதி கரைந்தது.

"படியுங்கள், மந்திரியாரே," என்றாள் ஆவுடை.

"அரண்மனை அணியில் பத்துப் பேர். ஐந்து பேர் படைத்தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்கு..."

"வராதவர்களுக்கு?"

"பூஜ்யம். ஆகவே சராசரி நாற்பது இறங்கியது. வில் வாத்தியார் மன்னருக்குப் போட்டது தொண்ணூறு. இப்போது... ஐம்பது."

"ஐம்பதா!"

"மடைப்பள்ளி அணியில் எல்லோரும் வந்தார்கள், பிரபு. அவர்கள் சராசரி பதினைந்து ஏறியது. தலைமைச் சமையல்காரன் சொக்கனுக்கு நாற்பத்தைந்து இருந்தது, அறுபதாயிற்று. மாலை அவனுக்கு."

"கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து விருந்து தின்றவர்கள் அந்த ஐந்து பேர்! அம்பு விட்டவன் நான்! எனக்கு ஏன் குறைகிறது?"

"இதையேதான் காலையில் உப்பளத்துச் சாலாச்சி கேட்டாள், மகாராஜா; தொண்ணூற்றிரண்டு வாங்கியவள், அறுபத்திரண்டுக்கு வந்துவிட்டாள்," என்றாள் ஆவுடை. காலையில் கேட்ட கேள்வி இப்போது கிரீடம் வைத்துக்கொண்டு வந்திருந்தது. ராஜாவே இரண்டு முறை அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு பட்டியலைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபை சிரித்தது. சொக்கன் மட்டும் மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

ராஜா தன் முத்துச்சரத்தைக் கழற்றி ஆவுடையிடம் கொடுத்தார். "அந்தப் பெண்ணுக்குத் தொண்ணூற்றிரண்டையே எழுதிவிடுகிறேன். போதுமா?"

"மற்ற பத்தொன்பது பேர், மகாராஜா?"

"அடடா! இனி எல்லாவற்றையும் கலைக்க முடியுமா? அதற்குத்தானே நீ இருக்கிறாய். இன்று நடந்ததையே சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்துவிட்டு வா."

மறுபடியும். ஆவுடை கையிலிருந்த முத்துக்களைப் பார்த்தாள். எல்லாம் ஒரே அளவு. சரத்தைப் பட்டியலின் மேல் சத்தமில்லாமல் வைத்தாள். தன் ஆசனத்தில் மடித்து வைத்திருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சாலாச்சியிடம் நல்ல சேதி சொல்லப் போகிறேன், மகாராஜா. மற்றவர்களைச் சிரிக்க வைக்க மாட்டேன்."