உட்கார முடியாத சனிக்கிழமை

அந்த அரசு மருத்துவமனையின் அறுவைப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. ஆபரேஷன் செய்த நோயாளி இறந்துபோனால், கத்தி பிடித்த மருத்துவர் அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டும். நடந்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கடைசியில் பிரிவின் தலைவர் செண்பகவல்லி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“இதே ஆள் இதே வயித்தோட நாளைக்கு வந்தா, வேற என்ன செய்வீங்க?”

பதில் இருந்தால் உட்காரலாம். இல்லாவிட்டால் நிற்க வேண்டியதுதான். ஒருமுறை ஒரு மருத்துவர் பதினோரு மணிவரை நின்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், நின்றுகொண்டே குடித்தார்.

பிறகு கொரோனா வந்தது. அவசரமில்லாத ஆபரேஷன்களை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஆபரேஷன் தியேட்டர்களில் ஆக்சிஜன் கட்டில்களைப் போட்டார்கள். மயக்க மருத்துவர்கள் வென்டிலேட்டர்களைப் பார்க்கப் போனார்கள். சர்ஜன்கள் கவச உடைக்குள் வெந்துகொண்டே, மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்தார்கள், இறப்புச் சான்று எழுதினார்கள். அவர்களுடைய மன அழுத்தத்தைக் குறைக்க மேலிடத்திலிருந்து செல்போனில் ஒரு வகுப்பு நடந்தது. ஆழமாக மூச்சை இழுத்து விடுங்கள் என்றார்கள். இரண்டு மாஸ்க் போட்டிருப்பவனிடம் சொல்கிற யோசனையா இது?

ஐந்து மாதமாகச் சனிக்கிழமைக் கூட்டம் இல்லை. அவசர ஆபரேஷன்கள் கொஞ்சம் நடந்தன, அந்த நோயாளிகள் பிழைத்துக்கொண்டார்கள். சுதந்திர தினத்தன்று ‘அறுவை மரணமே இல்லாத பிரிவு’ என்று மேடையில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அடுப்பு பற்றவைக்காத வீட்டைப் பார்த்து, சோறு குழையவே இல்லை என்று மெச்சின மாதிரி. செண்பகவல்லி கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை தியேட்டர் திறக்கும் என்று சொன்னார்கள். பட்டியல் ஒட்டப்பட்ட அன்று மாலையே செய்யது மீரான், செண்பகவல்லியின் அறைக்கு வந்தார்.

மீரான் அவருடைய மாணவர்தான், ஆனால் அவரைவிட இரண்டு வயது மூத்தவர். பதினோரு வருடம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, நாற்பதை நெருங்கும்போதுதான் மேற்படிப்புக்கு வந்து அவரிடம் தொழில் கற்றார்.

“திங்கக்கிழமை லிஸ்ட்ல இருந்து என் பேரை எடுத்துருங்க மேடம்.”

“உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு ஒண்ணுமில்லை. ஒன்பது மணி கேஸ் எனக்குப் போட்டிருக்கீங்க. அது தவசியோட தேதி.”

செண்பகவல்லி பேனாவை மூடினார்.

தவசி மினிபஸ் ஓட்டுநர். இரைப்பையில் புற்றுக்கட்டி. வெட்டி எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற கட்டத்தில்தான் வந்திருந்தார். மார்ச் மாதம் ஒரு காலையில், வயிற்று முடியை மழித்து, இரவெல்லாம் பட்டினி போட்டு, பச்சை அங்கி மாட்டி, அவரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தபோது உத்தரவு வந்தது. மீரான்தான் போய்ச் சொன்னார். “ரெண்டு வாரம் கழிச்சுக் கூப்பிடுறேன். இப்ப வீட்டுக்குப் போங்க.”

தவசி எழுந்து உட்கார்ந்து, “அப்போ இட்லி சாப்பிடலாமா சார்?” என்று கேட்டார்.

இரண்டு வாரம், இன்னும் இரண்டு வாரம் என்று ஐந்து மாதம் போயிற்று. ஒருவழியாகத் தேதி கிடைத்தது. தேதிக்குப் பத்து நாள் முன்னால் தவசி வீட்டில் இரத்தமாக வாந்தி எடுத்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“அவர் வீட்டம்மா போன் பண்ணாங்க மேடம். திட்டப்போறாங்கன்னு நினைச்சேன். ‘சார், அந்தத் தேதிய வேற யாருக்காச்சும் குடுத்துருங்க, வீணாப் போயிரக் கூடாது’ன்னாங்க.”

“குடுத்தாச்சு. அதே வியாதி. நாப்பத்தாறு வயசு அம்மா. லேட் பண்ணா அவங்களும் தாங்கமாட்டாங்க.”

“வேற யாராவது பண்ணட்டும். என்னால கத்தியைக் கையில எடுக்க முடியாது. அன்னைக்கு நிறுத்தச் சொன்ன பேப்பர்ல கையெழுத்துப் போட்டது நீங்க. நீங்க எப்படி மேடம் இதைத் தாங்கிக்கிறீங்க?”

“சனிக்கிழமை கூட்டம் வைக்கிறேன். தவசி கேஸை எடுத்துட்டு வாங்க.”

“அவர் வீட்ல செத்தாரு. இது நம்ம கணக்குலயே வராது.”

“எடுத்துட்டு வாங்க.”

சனிக்கிழமை எட்டு மணிக்கு ஏழு மருத்துவர்கள் நாற்காலி விட்டு நாற்காலி உட்கார்ந்திருந்தார்கள். மீரான் எழுந்து நின்று தவசியின் கதையைத் தேதி தேதியாகச் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒருவர், “ஆபரேஷன் சக்சஸ், பேஷன்ட் அவுட்டுன்னு ஊர்ல கிண்டல் பண்ணுவாங்க. நமக்கு ஆபரேஷனே இல்லை” என்றார். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரும் சிரிக்கவில்லை.

செண்பகவல்லி கேட்டார். “இதே ஆள் இதே வயித்தோட நாளைக்கு வந்தா, வேற என்ன செய்வீங்க?”

“டேபிளை விடமாட்டேன்னு சண்டை போடுவேன்.”

“அந்தத் தியேட்டர்ல எத்தனை கட்டில் போட்டாங்க?”

“பதினாலு.”

“முதல் தடவை படுத்த பதினாலு பேர்ல எத்தனை பேர் பொழைச்சாங்க?”

“ஒன்பது.”

“அந்த ஒன்பதுல யாரை இறக்கி விடுவீங்க?”

மீரான், “வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன்” என்றார்.

“எது திறந்திருந்தது?”

“ஒண்ணும் இல்லை.”

“ம்.”

“ரெண்டு வாரம்னு பொய் சொல்லமாட்டேன்.”

“அது பொய்னு அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது மேடம். நானும் நம்பித்தான் சொன்னேன்.”

மணி ஒன்பதாயிற்று. டீ வந்தது. மீரான் அதைத் தொடவில்லை. கால் மாற்றி நின்றார். அவருடைய கண்ணாடி பனிமூட்டம் போட்ட மாதிரி மங்கியிருந்தது. மாஸ்க் போட்டதால் வந்த ஆவியா, கண்ணீரா என்று யாருக்கும் தெரியவில்லை.

“வேற ஒண்ணும் செய்யமாட்டேன் மேடம்,” என்றார் கடைசியில். “அதேதான் செய்வேன். அந்த வண்டியில இருந்து இறக்கி, வீட்டுக்கு அனுப்புவேன்.”

மீரான் தலைவரையே பார்த்தார். உட்காருங்கள் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று மனிதருக்கு அப்படி ஒரு ஏக்கம். அந்த ஒரு சொல் போதும், திங்கட்கிழமையைச் சமாளித்துவிடலாம்.

செண்பகவல்லி அதைச் சொல்லவில்லை. பையிலிருந்து சுதந்திர தினச் சான்றிதழை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பிப் பிடித்தபடி அவரும் எழுந்து நின்றார். பின்பக்கம் முழுக்கப் பேனாவால் எழுதிய பெயர்கள்.

“அடுத்த கேஸ் என்னுது. தேதி வர்றதுக்கு முன்னாடியே போயிட்ட பதினேழு பேர். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்.”

ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஊர், வயது, என்ன கட்டி, எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று சொன்னார். பதினேழாவது பெயர் தவசி. வாசித்து முடித்தபின், வழக்கமாகக் கேள்வி கேட்பவரே கேள்விக்காக நின்றுகொண்டிருந்தார்.

மீரான்தான் கேட்டார். “இதே பதினேழு பேரும் நாளைக்கு வந்தா, வேற என்ன செய்வீங்க மேடம்?”

“எல்லாரையும் திருப்பி அனுப்புவேன்.”

செண்பகவல்லியும் உட்காரவில்லை. மணி பத்தைத் தாண்டியது. வார்டிலிருந்து அழைப்பு வர வர மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன, இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“அப்போ நம்ம எப்பத்தான் மேடம் உட்கார்றது?” என்று கேட்டார் மீரான்.

“எனக்குத் தெரியலை.” செண்பகவல்லி சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தார். “திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு அந்த அம்மா பட்டினியோட படுத்திருப்பாங்க. ஆபரேஷன் நின்னுக்கிட்டுத்தானே மீரான் பண்ணணும்?”