கம்போடியாவுக்குப் போன மீசை

கும்பிடுபாக்கத்தில் எழுத்து என்றால் உத்தரவு. யார் எழுதினார், எதற்கு எழுதினார் என்று அந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. நாங்கள் முப்பது வருடம் அங்கே கட்சித் துண்டறிக்கை கொடுத்தோம். கசங்காமல் வாங்கிக்கொள்வார்கள். கடைசி வரியில் ‘படித்துவிட்டு மற்றவரிடம் கொடுக்கவும்’ என்று போட்டிருப்போம். உடனே பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் அத்தனை தாளும் எங்கள் கைக்கே திரும்பி வந்துவிடும்.

அந்த ஊரிலிருந்து ஒரு குடும்பம் கம்போடியாவுக்குச் சுற்றுலா போனது. காரணம் ஒரு காலண்டர்.

நெல் மண்டிச் சுவரில் தொங்கிய காலண்டரில் அங்கோர்வாட் கோயில் படம் இருந்தது. மண்டியில் எடை போடுகிற ஏகாம்பரம், கோபுரம் ஐந்து என்றார். மண்டி முதலாளி செங்கல்வராயன் மூன்று என்றார். படத்தில் பாதியைக் கரையான் தின்றிருந்ததால் பதினோரு வருடமாக முடிவு தெரியவில்லை. கடைசியில் பந்தயம் கட்டினார்கள். மூன்று என்றால் ஏகாம்பரத்தின் மீசையைச் செங்கல்வராயன் தன் கையாலேயே மழிப்பார். செங்கல்வராயனுக்கு மீசை கிடையாது. ஆகவே ஐந்து என்றால் அவர் வளர்க்க வேண்டும்.

ஏகாம்பரத்தின் மீசை நாற்பது வருடத்து மீசை. அதைக் காப்பாற்ற, மனைவி தாயாரம்மாள், மகன் தணிகைவேல், பிளஸ் டூ படித்த மருமகள் மல்லேஸ்வரி ஆகியோரைக் கூட்டிக்கொண்டு அவர் விமானம் ஏறினார்.

லாட்ஜ்காரர் அறைக் கதவைத் திறந்தார். கட்டிலில் ஒரு வெள்ளைக்காரர் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டேன் என்று லாட்ஜ்காரர் பலமுறை கும்பிட்டார். வெள்ளைக்காரரை எழுப்பி மாடிக்கு அனுப்பிவிட்டு விரிப்பை மாற்றினார்.

கதவுக்குப் பின்னால் ஒரு பலகை இருந்தது. மல்லேஸ்வரி அதைத் தமிழில் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுந்து நின்று கேட்டார்கள். கடைசி விதி இது: ‘நீங்கள் வந்தபோது அறை எப்படி இருந்ததோ, அப்படியே விட்டுச் செல்லவும்.’

முதல் நாள் கோயிலுக்குப் போனார்கள். வழிகாட்டி ஒரு சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்து, கூட்டத்தில் தொலைந்துவிடாதீர்கள், இந்தக் கொடியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள் என்றார். நால்வரும் எடுக்கவில்லை. மூன்று மணி நேரம் படி ஏறினார்கள், இறங்கினார்கள், இரண்டு தூணில் முட்டிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் ஏகாம்பரம் கேட்டார்.

“கோபுரம் எத்தனைடா?”

“கொடி ஒண்ணுதான் நைனா. ஓரத்துல தையல் விட்டிருக்கு.”

கொடியை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்து வீடு திரும்பியவர்களை நான் கம்போடியா போகாமலேயே நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் காலையில் கதவின் உள்பக்கக் கைப்பிடியில் ஒரு அட்டை தொங்குவதைக் கண்டார்கள். ‘தொந்தரவு செய்யாதீர்.’ கதவைத் திறந்தால் அது கதவுக்குத் தொந்தரவுதான் என்று தணிகைவேல் சொன்னான். மெதுவாகத் திறந்தால் என்ன என்று தாயாரம்மாள் கேட்டாள். மெதுவான தொந்தரவும் தொந்தரவுதான் என்று தீர்மானமாயிற்று. அன்று முழுவதும் கொண்டுவந்த முறுக்கைத் தின்றுகொண்டு உள்ளேயே இருந்தார்கள். முறுக்கை ஊறவைத்துத் தின்றார்கள். கடிக்கிற சத்தம் கதவுக்குக் கேட்குமே.

மூன்றாம் நாள் மத்தியானம் விமானம். காலையில் கோயிலைப் பார்த்துவிடலாம். விடியும்போது அட்டை தானாகக் கீழே விழுந்திருந்தது. ஏகாம்பரம் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினார். தணிகைவேல்தான் பலகையைக் காட்டினான்.

“நைனா, நாம வந்தப்போ கட்டில்ல ஒரு வெளிநாட்டுக்காரரு தூங்கினாரே.”

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். அது காலியாக இருந்தது.

மாடிக்கு ஓடினார்கள். வெள்ளைக்காரர் நேற்றே ஊருக்குப் போய்விட்டாராம். தெருவில் போன இரண்டு வெள்ளைக்காரர்களிடம் மல்லேஸ்வரி, கொஞ்சம் வந்து எங்கள் கட்டிலில் தூங்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டாள். அவர்கள் வேகமாக நடந்தார்கள்.

“வெள்ளையா இருக்கணும்னு போட்டிருக்கா?” என்றாள் தாயாரம்மாள்.

“இல்ல அத்தை. வெளிநாட்டுக்காரரா இருந்தா போதும்.”

“இந்த ஊருக்கு நாமதான வெளிநாடு?”

அதுவரை அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அப்படித் தோன்றியதில்லை. அடுத்த கேள்வி, யார் குறட்டை விடுவது என்பது. அதற்கு ஓட்டெடுப்பு தேவைப்படவில்லை.

“அப்போ என் கோபுரம்?” என்றார் ஏகாம்பரம், படுத்துக்கொண்டே.

“நாங்க பார்த்துட்டுப் போய் முதலாளிகிட்ட சொல்லிடறோம் நைனா. நீ நல்லா வாயைத் தெறந்து தூங்கு.”

மாமா அந்தக் கடைசி விதியை மறந்துவிடக் கூடாதே என்று மல்லேஸ்வரி அதைத் தமிழில் எழுதிப் பலகைக்குக் கீழே ஒட்டினாள். மூவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

கோயில் வாசலில் ஆட்டோக்காரர், நேராக இங்கேயே நின்று பாருங்கள் என்று சைகை காட்டினார். நின்றார்கள். நேராகப் பார்த்தால் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும். பக்கவாட்டில் சற்று நகர்ந்திருந்தால் ஐந்து கோபுரமும் தெரிந்திருக்கும். நகரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மூன்று என்று எண்ணிக்கொண்டு விமானம் ஏறினார்கள்.

மண்டியில் செங்கல்வராயன் விவரம் கேட்டுக்கொண்டார்.

“மூணுதானே? எங்கே மீசை?”

“கம்போடியாவுல இருக்குதுங்க.”

“இருக்கட்டும். பந்தயம் பந்தயம்தான்.”

அடுத்த வாரமே சவரக்கத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு அவர் கிளம்பினார். அதே லாட்ஜ், அதே அறை. லாட்ஜ்காரர் கதவைத் திறந்துவிட்டுப் பலமுறை கும்பிட்டார். இந்த ஆளை எத்தனை தடவை மாடிக்கு அனுப்பினாலும், அறை காலியானதும் இறங்கி வந்து படுத்துக்கொள்கிறார் என்று சைகையால் சொன்னார். எழுப்ப வேண்டாம் என்று செங்கல்வராயன் கையமர்த்தினார்.

ஏகாம்பரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். செங்கல்வராயன் மீசையில் சோப்பு நுரை தடவினார். கத்தியை விரித்தார். வெளிச்சம் போதவில்லை என்று கதவுப் பக்கம் திரும்பியபோது பலகைக்குக் கீழே தமிழ் எழுத்து தெரிந்தது. கிட்டப் போய்ப் படித்தார். அவரும் கும்பிடுபாக்கம்தான். ஆகவே மறுபடியும் படித்தார்.

பிறகு கத்தியை மடித்தார். நுரையைத் துண்டால் ஒற்றி எடுத்தார். மீசையை உலர்த்தி, இரண்டு பக்கமும் பழையபடி முறுக்கிவிட்டார். இடது முனை கொஞ்சம் இறங்கியிருந்ததாக நினைவு வந்தது. அதையும் இறக்கிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்.